அழைப்புக்கு வாய்க்கால் வெட்டுவோம்
தொலைபேசி அழைப்புகளை உரியவரிடம் சேர்க்கும் முறை பற்றிய ஒரு பாடம்

குளம் நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைவதில்லை என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மதகு திறக்க வேண்டும். தலைவாய்க்காலிலிருந்து கிளைவாய்க்காலுக்கும், அங்கிருந்து வரம்பு வெட்டிய வயலுக்கும் நீர் முறைப்படி செல்ல வேண்டும். முறை சரியா பிழையா என்பதை மதகடியில் உள்ள வயலைப் பார்த்து யாரும் தீர்மானிப்பதில்லை. வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்கு நீர் எட்டியதா என்று பார்த்தே தீர்மானிக்கிறோம்.

தொலைபேசியும் இப்படியே. 1990களில் வன்னியில் இருந்தவர்களுக்குத் தொலைபேசி என்பது கேள்விப்பட்ட பொருளாக இருந்தது. பிரிந்த உறவுகளைத் தேடக் கடிதமும் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் செய்தித் தாள்களுமே துணை. இன்று ஓலைக் கொட்டிலிலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. அழைப்பு என்ற நீர் இப்போது நிறையவே வருகிறது. ஆனால் அழைப்பவர் தமக்கு உதவக்கூடியவரை அடைகிறாரா? இக்கேள்விக்கு விடை தேடும் ஒரு தொழில்நுட்பத்தை இவ்விதழில் படிப்போம். எமது சங்கங்களில் கணனி கற்ற பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பெற்றோர் இதனை வாசித்து, செய்ய வேண்டியது என்ன என்று தீர்மானிக்கட்டும். பிள்ளைகள் அதனைச் செய்து கொடுக்கட்டும்.

நாம் விட்ட ஒரு பிழை

முதலில் எமது பிழையையே சொல்லிவிடுகிறோம். எமது நிலையமொன்றில் தொலைபேசிக்கு ஒரு தானியங்கி முறையை அமைத்தோம். அழைத்தவுடன் ஒரு குரல் பேசும்: விதைநெல், கடன் என்றால் ஒன்றை அழுத்தவும், காணி அலுவல் என்றால் இரண்டை அழுத்தவும், குளமும் நீரும் என்றால் மூன்றை அழுத்தவும். பத்து வினாடிக்குள் எதுவும் அழுத்தப்படாவிட்டால் இணைப்பைத் துண்டிக்குமாறு எழுதியிருந்தோம். வீண் அழைப்புகள் குறையும் என்பது எமது எண்ணம்.

காணி விண்ணப்பம் ஒன்றிற்கு இறுதித் திகதி நெருங்கிய வாரத்தில், கணவனை இழந்த ஒரு தாய் மூன்று தடவை அழைத்திருக்கிறார். மறுவாரம் நேரில் வந்தபோது அவர் சொன்னது இது: "சுவாமி, நான் என்ர பேரைச் சொல்லிச் சொல்லிக் கதைச்சன். அந்தப் பிள்ளை ஒண்டும் கேக்காமல் வைச்சிட்டுது." பேசியது ஒலிப்பதிவு என்பது அவருக்குத் தெரியாது. பதிவேட்டைப் பார்த்தோம். மூன்று அழைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் அரை நிமிடம்கூட இல்லை. அந்த ஆண்டு அவரது பெயர் பட்டியலில் சேரவில்லை. இயந்திரம் பிழை செய்யவில்லை. நாம் எழுதியதை எழுதியபடியே செய்தது. கடைசி வயலை நினையாமல் வாய்க்கால் வெட்டியவர்கள் நாமே.

வழி காட்டுபவர் யார்?

ஆரம்பத்தில் தொலைபேசி நிலையங்களில் மனிதரே கையால் இணைப்புக் கொடுத்தனர். ஐக்கிய அமெரிக்காவில் கன்சாஸ் நகரில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற ஒருவர் ஈமக்கிரியைப் பொருட்களை வழங்கும் தொழில் செய்துவந்தார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்புக் கொடுப்பவர் போட்டித் தொழிலாளிக்கே அனுப்புகிறார் என்று அவர் சந்தேகித்தார் எனக் கதை சொல்வர். எப்படியிருந்தாலும், இடையில் மனிதர் இல்லாமல் அழைப்பவரே இலக்கத்தால் வழியைத் தெரிவுசெய்யும் பொறிக்கு அவர் 1891இல் காப்புரிமை பெற்றார். 1892இல் இந்தியானா மாநிலத்து லாபோர்ட் என்ற ஊரில் அம்முறையில் நிலையம் திறக்கப்பட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அழைப்புக்கு வழி காட்டுபவர் கையில் அதிகாரம் இருக்கிறது. அந்த வழியை எழுதி வைக்கும்போது அதிகாரம் எழுதியவர் கைக்குப் போகிறது. ஆகவே எழுதுவது சங்கத்தார் எல்லோரும் அறிந்து, பேசி, இணங்கியதாக இருக்க வேண்டும்.

இரண்டு இலவசக் கருவிகள்

பெரிய அலுவலகங்கள் தமது உள் தொலைபேசி இணைப்புக்கென விலையுயர்ந்த பெட்டிகளை வாங்குகின்றன. 1999இல் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸ் கணனிகளுக்கு உதவி வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெட்டியை வாங்க அவரிடம் பணம் இல்லை. ஆகவே சாதாரண கணனியே அவ்வேலையைச் செய்யுமாறு ஒரு மென்பொருளை எழுதினார். அதன் பெயர் ஆஸ்டெரிஸ்க். தொலைபேசிப் பொத்தான்களில் உள்ள நட்சத்திரக் குறியின் பெயர் அது. அதனை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும், திறந்து பார்க்கவும், திருத்தவும் உரிமை உண்டு. உள்ளங்கை அளவான ராஸ்பெரி பை போன்ற சிறு கணனியிலும் அது இயங்கும். ஆகவே மின்சாரம் நின்றாலும் சிறு மின்கலத்தில் சில மணி நேரம் நடத்தலாம்.

ஆஸ்டெரிஸ்க்குக்கு வழி சொல்லும் எழுத்தை டயல்பிளான் என்பர். அதற்கென ஒரு சொந்த எழுத்துமுறை உண்டு. விதிகள் கூடும்போது அது நீண்டு சிக்கலாகிவிடும். 2008இல் வெளிவந்த 1.6 பதிப்பிலிருந்து லூவா என்ற ஸ்கிரிப்ட் மொழியிலும் அதை எழுதலாம். ஸ்கிரிப்ட் மொழி என்பது கணனிக்குக் கட்டளைகளை வரி வரியாக, வாசிக்கக்கூடிய சொற்களில் எழுதிக் கொடுக்கும் முறை. எழுதியதை உடனே நடத்திப் பார்க்கலாம்.

லூவா பிறந்த இடம் நமக்கு மகிழ்ச்சி தருவது. 1993இல் பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனீரோவின் பாப்பரசர் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்றிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவர் அதனை ஆக்கினர். வெளிநாட்டுக் கணனிப் பொருட்களைப் பிரேசில் தடுத்து வைத்திருந்த காலத்தின் முடிவு அது. தமக்கு வேண்டிய கருவியைத் தாமே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வளர்ந்திருந்தது. போர்த்துக்கேய மொழியில் லூவா என்றால் சந்திரன். நமக்கு யன்னலையும் அலுமாரியையும் கதிரையையும் தந்த அதே மொழிதான்.

பகுதி, இலக்கம், செயல்

டயல்பிளானில் மூன்று விடயங்களை விளங்கிக்கொண்டால் போதும்.

முதலாவது பகுதி. இதனை ஒரு வளவாக நினையுங்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புகள் ஒரு வளவுக்குள் நுழையும். அலுவலகத்தில் உள்ளவர்கள் எடுக்கும் அழைப்புகள் வேறொரு வளவுக்குள் நுழையும். ஒரு வளவில் உள்ள படலை மற்ற வளவில் உள்ளவருக்குத் திறவாது.

இரண்டாவது இலக்கம். அந்த வளவுக்குள் எந்த இலக்கம் கேட்கப்பட்டது என்பதே இது. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியே எழுதத் தேவையில்லை. "சுழியத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள்" என்று பொதுவடிவமாகவும் எழுதலாம்.

மூன்றாவது செயல். அந்த இலக்கத்துக்கு என்ன நடக்க வேண்டும் என்பது. ஒலிப்பதிவைக் கேட்கச்செய், அழுத்திய இலக்கத்தை வாங்கு, இன்னாரது தொலைபேசியை ஒலிக்கச்செய், செய்தியைப் பதிவுசெய், துண்டி என்பன செயல்கள்.

லூவாவில் இம்மூன்றும் அட்டவணை என்ற ஒரே வடிவத்துக்குள் அடங்கும். அட்டவணை என்பது இடப்பக்கம் சாவியும் வலப்பக்கம் அதற்குரிய பொருளும் கொண்ட பட்டியல். பெரிய அட்டவணையின் சாவிகள் பகுதிகளின் பெயர்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இருக்கும் அட்டவணையின் சாவிகள் இலக்கங்கள். அவற்றின் வலப்பக்கத்தில் இருப்பது செய்ய வேண்டிய செயல்களின் கோவை.

ஒரு சங்கத்துக்கு எழுதிப் பார்ப்போம்

ஒரு கமக்காரர் சங்கத்துக்கு மூன்று மேசைகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம்: விதைநெல்லும் கடனும், காணி, நீர். நாலாவதாக எவருக்கும் பதில் சொல்லும் ஒருவர் இருக்கிறார். அவரைச் சுழிய மேசை என்போம்.

படி 1. மேசைகள் என்று ஓர் அட்டவணை எழுதுக. சாவி ஒன்றுக்கு நேரே விதைநெல் மேசையில் உள்ளவர்களின் உள் இலக்கங்களை வரிசையாக இடுக: 101, பின்னர் 102. சாவி இரண்டுக்குக் காணி மேசை, மூன்றுக்கு நீர் மேசை, சுழியத்துக்குச் சுழிய மேசை.

படி 2. அழைப்பு வந்ததும் அலுவலக நேரமா என்று கணனியின் கடிகாரத்தைக் கேட்கச் செய்க. இல்லையென்றால் எப்போது அழைக்கலாம் என்று சொல்லி, செய்தியைப் பதிவுசெய்யும் இடத்துக்கு அனுப்புக.

படி 3. அலுவலக நேரமாயின் வரவேற்பு ஒலிப்பதிவைக் கேட்கச் செய்து ஓர் இலக்கத்தை வாங்குக. பத்து வினாடி காத்திருக்கட்டும். ஒன்றும் வராவிட்டால் இன்னொரு தடவை கேட்கட்டும்.

படி 4. வாங்கிய இலக்கத்தைச் சாவியாகக் கொண்டு அட்டவணையில் தேடுக. அப்படியொரு சாவி இல்லையேல் சுழிய மேசையை எடுத்துக்கொள்க. லூவாவில் இதற்கு "அல்லது" என்ற பொருள் தரும் ஒரே சொல் போதும்: அழுத்திய இலக்கத்தின் மேசை, அல்லது சுழிய மேசை. ஒன்றும் அழுத்தாதவரும், இல்லாத இலக்கத்தை அழுத்தியவரும் இந்த ஒரு சொல்லால் மனிதக் குரலிடம் போய்ச் சேர்வர். அந்தத் தாயின் அழைப்பில் நாம் எழுதத் தவறியது இதுவே.

படி 5. கிடைத்த மேசையில் உள்ளவர்களை வரிசைப்படி ஒலிக்கச் செய்க. ஒவ்வொருவருக்கும் இருபது வினாடி. ஒருவர் எடுத்துவிட்டால் அத்துடன் வேலை முடிந்தது. எடுக்காவிட்டால் அடுத்தவர்.

படி 6. எவரும் எடுக்காவிட்டால் செய்தியைப் பதிவுசெய்யச் செய்க. பதிவான செய்தியை அன்றே கேட்டுத் திருப்பி அழைப்பவர் யார் என்பதையும் சங்கம் நியமிக்க வேண்டும். கேட்பாரற்ற ஒலிப்பதிவு, வாசிப்பாரற்ற கடிதம் போன்றது.

இவ்வளவும் லூவாவில் முப்பது, நாற்பது வரிகளுக்குள் அடங்கும். மேசைக்கு ஆள் மாறினால் அட்டவணையில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். மற்ற வரிகளைத் தொடவேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய இடங்கள்

ஒன்று: மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒன்றும், குறியில்லாமல் எழுதிய ஒன்றும் லூவாவுக்கு இரு வேறு சாவிகள். முதலாவது எழுத்து, இரண்டாவது எண். அழைப்பவர் அழுத்துவது எழுத்தாகவே வந்து சேரும். அட்டவணையில் எண்ணாக எழுதிவிட்டால் எவருடைய சாவியும் பொருந்தாது. எல்லா அழைப்பும் சுழிய மேசையில் குவியும். ஆகவே சாவிகளை மேற்கோள் குறிக்குள் எழுதுக.

இரண்டு: கடிகாரம் தரும் மணியும் எழுத்தாகவே வரும். அதனை எண்ணாக மாற்றிய பின்னரே எட்டு மணிக்குக் கூடியதா, குறைந்ததா என்று ஒப்பிட வேண்டும். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் லூவா பிழை சொல்லி நின்றுவிடும். அழைப்பும் அங்கேயே அறும்.

மூன்று: தொலைபேசி இலக்கங்களையும் மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதுக. 021 என்று எண்ணாக எழுதினால் முன்னுள்ள சுழியத்தைக் கணனி கைவிட்டு 21 என்றே வைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்து இலக்கம் யாருக்கும் போய்ச்சேராத இலக்கமாகிவிடும். அழைப்பவரின் இலக்கம் சில வேளை சுழியத்துடனும், சில வேளை நாட்டுக் குறியீடான 94 உடனும் வரும். இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

நான்கு: அட்டவணையில் உள்ளவற்றை லூவா இரு விதமாக எண்ணிச் செல்லும். ஒரு விதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற ஒழுங்கு உண்டு. மற்றதில் ஒழுங்குக்கு உத்தரவாதம் இல்லை. யாரை முதலில் ஒலிக்கச் செய்வது என்பது சங்கம் தீர்மானித்த ஒழுங்காயின் முதலாவது விதத்தையே பயன்படுத்துக.

ஐந்து: அழைப்பவரின் இலக்கத்தைப் பார்த்து அவரது ஊரைத் தீர்மானிக்க வேண்டாம். 023 என்றால் மன்னார், 024 என்றால் வவுனியா, 032 என்றால் புத்தளம் என்று பிரித்து அனுப்புவது எளிது. ஆனால் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் வாழ்ந்தன. முசலியில் உள்ள தமது வயலைப் பற்றிக் கேட்க அங்கிருந்து அழைக்கும் ஒருவரைப் புத்தளத்தவர் என்று கருதி வேறு மேசைக்கு அனுப்புவது அவரை இன்னொரு தடவை இடம்பெயர்ப்பது போலாகும். கைத்தொலைபேசி இலக்கம் ஊரைச் சொல்வதே இல்லை. ஊரைக் கணிக்காமல், தேவை என்ன என்று அவரிடமே கேட்பது நல்லது.

காவல் இல்லாத வளவு

இணையத்துடன் தொடுத்த தொலைபேசிக் கணனியைத் தேடித் திரியும் திருடர் உண்டு. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் கிடைத்தால், அதன் வழியே தொலைதூர நாடுகளுக்கு இரவு முழுவதும் அழைப்பு எடுப்பர். கட்டணம் சங்கத்தின் தலையில் விழும். ஆகவே வெளி அழைப்புகள் நுழையும் வளவில் வெளியே செல்லும் வழி எதுவும் எழுதக் கூடாது. உள்ளவர்களின் வளவிலும் வெளிநாட்டு அழைப்புக்குத் தேவையில்லாமல் இடம் கொடுக்க வேண்டாம். கடவுச்சொல் நீண்டதாக இருக்கட்டும்.

இன்னொரு காவலும் வேண்டும். யார், எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்பதையெல்லாம் கணனி பதிந்து வைக்கும். எமது பிழையைக் கண்டுபிடிக்க அதே பதிவே உதவியது. ஆனால் காணாமற்போன பிள்ளையைப் பற்றியோ, பிடிபட்ட காணியைப் பற்றியோ கேட்டு அழைத்தவரின் இலக்கம் பிறர் கைக்குப் போகக் கூடாது. எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதுக. தேவை முடிந்ததும் அழித்துவிடுக.

எழுதியதை மாற்றும் முன்னர் பழைய பிரதியொன்றைப் பத்திரப்படுத்துக. மாற்றிய பின்னர் நீங்களே வெளியிலிருந்து அழைத்துப் பாருங்கள். ஒன்றை அழுத்திப் பாருங்கள். ஒன்பதை அழுத்திப் பாருங்கள். ஒன்றுமே அழுத்தாமல் இருந்து பாருங்கள். பின்னர் ஊரில் கைத்தொலைபேசிக்குப் புதியவரான ஒரு பாட்டியிடம் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு மனிதக் குரலை அடையும்வரை வேலை முடியவில்லை என்று கொள்க.

வேறு ஊர்களில்

எளியோரின் தொலைபேசியைக் கொண்டு பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. குஜராத்தில் 2008இல் தொடங்கிய ஒரு முயற்சியில் கமக்காரர் தொலைபேசியில் தம் கேள்வியைப் பதிந்தனர். பதிலையும் பிற கமக்காரரின் அனுபவத்தையும் அதே தொலைபேசியில் கேட்டனர். 2010இல் சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌத்ரி என்ற பத்திரிகையாளர் தொடங்கிய சிஜிநெட் சுவரா என்ற சேவையில், கோண்டி பேசும் பழங்குடி மக்கள் தமது குறைகளைத் தம் சொந்த மொழியிலேயே சொல்லிப் பதிந்தனர். எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. நமது நாட்டில் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் கமக்காரரின் கேள்விகளுக்கென்றே ஏற்படுத்தப்பட்டது. சங்கத்தின் தொலைபேசி அதற்குப் போட்டி அல்ல. ஊர்க் காரியத்தை ஊரவரே கேட்பதற்கான ஒரு கிளைவாய்க்கால்.

எத்திரோவின் அறிவுரை

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். நாடிழந்து பாலைநிலத்தில் நடந்த மக்கள் காலை முதல் மாலை வரை மோசே ஒருவரிடமே தம் வழக்குகளைக் கொண்டுவந்து நின்றனர். அவரது மாமனார் எத்திரோ இதைக் கண்டு, நீயும் களைத்துவிடுவாய், மக்களும் களைத்துவிடுவர் என்ற கருத்தில் எச்சரித்தார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் என்று பொறுப்பாளரை நியமிக்கும்படி வழி சொன்னார். எளிய வழக்குகள் கீழேயே தீரும். கடினமானவை மோசேயிடம் வரும்.

எத்திரோ எப்படிப்பட்டவரை நியமிக்கச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். கடவுளுக்கு அஞ்சுபவர், நம்பிக்கைக்குரியவர், கைக்கூலியை வெறுப்பவர். ஒழுங்கும் வேண்டும், அந்த ஒழுங்கின் முடிவில் ஒரு நல்ல மனிதரும் வேண்டும். நாற்பது வரி லூவா முன்னதைத் தரும். பின்னதைச் சங்கமே தர வேண்டும்.

கணவனை இழந்த அந்தத் தாய் மறு ஆண்டு மீண்டும் அழைத்தார். அப்போதும் அவர் எந்த இலக்கத்தையும் அழுத்தவில்லை. இம்முறை சுழிய மேசையில் இருந்த பிள்ளை எடுத்து, "சொல்லுங்கோ அம்மா" என்றது.

கூடிப் பேசுவதற்கு

1. எமது சங்கத்துக்கோ பங்குக்கோ வரும் அழைப்புகளில் எவை பதிலின்றிப் போகின்றன? ஒரு வாரம் கொப்பியில் குறித்துப் பாருங்கள்.

2. எமது ஊரில் வாய்க்காலின் கடைசி வயல் யாருடையது? அதாவது, அழைத்தும் பதில் பெறாதவராக இருக்கக்கூடியவர் யார்?

3. சுழிய மேசையில் இருக்க ஏற்றவர் யார்? அவருக்கு நாம் என்ன உதவி செய்ய வேண்டும்?

4. அழைப்புப் பதிவுகளை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று எமது சங்கம் தீர்மானித்திருக்கிறதா?